மாடி வெயிலுக்கு விலை என்ன?

பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாள் சிம்மக்கல் பக்கம் வந்து, ஏதாவது ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிலும் பாருங்கள். பழைய வேஷ்டிகளை விரித்து, அவற்றின்மேல் கூழ் வடாம், ஜவ்வரிசி வடாம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல் என்று ஒரு பெரிய கடைத்தெருவே காய்ந்து கொண்டிருக்கும். காக்காய்க்குக் காவலாக ஒரு பாட்டி. பாட்டிக்குக் காவலாக ஒரு கறுப்புக் குடை. சூரிய சக்தி, சூரிய சக்தி என்று இப்போது பெரிய பெரிய கம்பெனிகள் பேசுகின்றனவே, அந்த வியாபாரத்தை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாக நடத்தி வருகிறார்கள்! முதலீடு ஒரு பழைய வேஷ்டி. லாபம் வருஷம் முழுவதற்கும் வற்றல்.

இந்தப் பேச்சை இந்த வாரம் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி ஓர் அத்தை இருக்கிறார். உறவு முறை ஒன்றும் கிடையாது; சந்தில் எல்லோருக்குமே அவர் அத்தைதான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா காலமாகி வெகு நாளாயிற்று. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெண்ணின் கல்யாணம் போக மிஞ்சியது மூன்று லட்ச ரூபாய். அதை பாங்கியில் போட்டு வைத்திருந்தார். மருந்துக்கும் மாத்திரைக்கும், யார் முகத்தையும் பார்க்காமல் நாலு நாள் கௌரவமாக இருப்பதற்கும் அதுதான் ஆதாரம். அந்த டெபாஸிட் சென்ற மாதம் முதிர்ந்தது.

பணம் முதிர்ந்த வாசனை எப்படித்தான் தெரியுமோ, ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் அவருடைய அண்ணன் மகன். "அத்தை, இனிமேல் காற்றாலையும் சோலாரும்தான் எதிர்காலம். அந்தக் கம்பெனிப் பங்குகளில் மூணு லட்சத்தையும் போடுங்க. அஞ்சு வருஷத்துல பாருங்க!" என்றான். இன்னொருவர் டை கட்டிய ஒரு வாலிபர். "அம்மா, உங்க மாடியில் சோலார் பலகை வைக்கிறோம். ஆயுசு முழுக்க கரண்டு இலவசம்!" என்றார்.

அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் சூரியனைத்தான் விக்கிறாங்க. ஒருத்தன் காகிதத்துல விக்கிறான், ஒருத்தர் கண்ணாடியில விக்கிறார். நீதான் பத்திரிகையில எழுதுறியே, யாரை நம்புறதுன்னு சொல்லு பார்ப்போம்!" என்றார்.

எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது உலக வழக்கம். நான் ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டு வந்தேன். விசாரித்துத் தெரிந்துகொண்டதை அத்தையிடம் சொன்னது போலவே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மழை இலவசம்தான், ஆனால் அண்டா இலவசமா? வெயிலும் காற்றும் கடவுள் கொடுத்தவை. அவற்றைப் பிடித்து வைக்கும் பாத்திரத்துக்குத்தான் காசு. அந்தப் பாத்திரத்தைச் செய்கிற கம்பெனியும் நம்மைப் போலவே கடன் வாங்கி, வட்டி கட்டி, சில நாள் சிரித்து, சில நாள் அழுது பிழைக்கிற குடும்பந்தான்.

டென்மார்க் தேசத்தில் வெஸ்டாஸ் என்று ஒரு கம்பெனி. உலகத்துக்கே காற்றாலை செய்து கொடுக்கிற பெரிய கம்பெனி. ஆனால் 1945-ல் அது எதைச் செய்து கொண்டு பிறந்தது தெரியுமா? சமையலறைச் சாமான்கள்! மாவு கலக்கும் இயந்திரமும் எடை பார்க்கும் தராசும் செய்து விற்றுக் கொண்டிருந்தது. 1973-ல் பெட்ரோல் விலை உலகம் முழுவதும் தாறுமாறாக ஏறியபோது, காற்றைப் பிடித்தால் என்ன என்ற யோசனை பல பேருக்கு வந்தது. 1979-ல் வெஸ்டாஸ் தன் முதல் காற்றாலையை விற்றது. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் காற்றாலை வைக்கிறவர்களுக்கு வரிச் சலுகை கொடுத்தார்கள். ஆர்டர்கள் வந்து குவிந்தன. 1985 கடைசியில் அந்தச் சலுகை நின்றது. 1986-ல் வெஸ்டாஸ் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் கையை விரித்தது! கலிபோர்னியாவில் காற்று நின்றுவிடவில்லை. காகிதத்தில் ஒரு சலுகை நின்றது, அவ்வளவுதான். மறு வருஷம் புதிதாக ஏற்பாடு செய்துகொண்டு எழுந்திருந்து, பிற்பாடு அது உலகப் பிரசித்தமானது வேறு கதை. ஆனால் 1986-ல் அதில் மொத்தப் பணத்தையும் போட்டிருந்த ஒரு டேனிஷ் அத்தையை நினைத்துப் பாருங்கள்!

நம் ஊர்ப் பக்கம் வருவோம். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில வாசல்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவக் காற்று இந்த வாசல்களில் நுழைந்து ஓடி வருகிறது. வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் காற்று எப்படிப் பிய்த்துக்கொண்டு வருமோ அப்படி! 1986-ல் தூத்துக்குடி அருகே பரீட்சார்த்தமாகச் சில காற்றாலைகளை நிறுத்தினார்கள். பிறகு கயத்தாறு, முப்பந்தல், ஆண்டிபட்டிப் பக்கம் என்று பரவியது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நிற்கும் காற்றாலைகளின் சக்தி 10,000 மெகாவாட்டுக்கும் மேல்.

இவற்றையெல்லாம் யார் வாங்கினார்கள்? பெரும்பாலும் நூற்பாலைக்காரர்கள். மில்லுக்குப் பஞ்சு எப்படியோ அப்படி மின்சாரமும். அடிக்கடி மின்வெட்டு; யூனிட் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. முப்பந்தலில் ஒரு காற்றாலை வாங்கி நிறுத்தினால், அது உற்பத்தி செய்வதை மின் வாரியத்தின் கம்பியில் விட்டுவிட்டு, கோயமுத்தூரில் தன் மில்லில் எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலி பாங்கியில் கட்டிய பணத்தை மதுரையில் வாங்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. அதோடு வருமான வரியிலும் பெரிய சலுகை. காற்றாலையின் விலை முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்று கழித்துக் கொள்ளலாம் என்றுகூட 1990-களில் இருந்தது. அதனால் காற்றுக்காகக் காற்றாலை வைத்தவர்களும் உண்டு. வரிக்காகக் காற்றாலை வைத்தவர்களும் உண்டு. வரிக்காக வைத்தவர்கள், அது சுற்றுகிறதா இல்லையா என்று அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை!

குஜராத்தில் சூரத் நகரில் துணி வியாபாரம் செய்து வந்த துளசி தந்தி என்பவருக்கும் இதே மின்சாரத் தலைவலி. அவரும் இரண்டு காற்றாலை வாங்கினார். மற்றவர்கள் அதோடு நின்றார்கள், அவர் மட்டும், "துணியை விட இதல்லவா நல்ல வியாபாரம்!" என்று 1995-ல் சுஸ்லான் என்ற கம்பெனியையே ஆரம்பித்துவிட்டார். தமிழ்நாட்டுக் காடுகரைகளில் அவருடைய காற்றாலைகள் ஏராளமாக நிற்கின்றன. கெட்டிக்காரர், சந்தேகமேயில்லை. 2022-ல் காலமானார்.

இப்போது அண்ணன் மகன் சொன்ன பங்குக் கணக்குக்கு வருவோம். 2005-ல் சுஸ்லான் தன் பங்குகளைப் பொது ஜனங்களுக்கு விற்றது. பங்கு ஒன்று 510 ரூபாய். 2008-ல் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தார்கள். அந்த வருஷ ஆரம்பத்தில் விற்றவர்கள் பல மடங்கு லாபம் பார்த்தார்கள். ஆனால் 2007-ல் கம்பெனி ஜெர்மனியில் ரீபவர் என்ற ஒரு பெரிய காற்றாலைக் கம்பெனியைக் கடன் வாங்கி விலைக்கு வாங்கியிருந்தது. அடுத்த வருஷமே உலகப் பொருளாதாரம் படுத்துக்கொண்டது. ஆர்டர்கள் குறைந்தன, வட்டி குறையவில்லை. 2012-ல் வெளிநாட்டில் வாங்கிய கடன் பத்திரங்களுக்குத் தவணை தவறியது. 2020-ல் பங்கின் விலை மூன்று ரூபாய்க்கும் கீழே. 510 ரூபாய் கொடுத்தவரிடம் இருந்த ஐந்து பங்குகளுக்கு மொத்தம் பதினைந்து ரூபாய் தேறாது! பிறகு கம்பெனி கடனை அடைத்துத் தலைதூக்கி, 2024-ல் பங்கு 80 ரூபாயைத் தாண்டியது. சந்தோஷந்தான். ஆனால் ஐந்து பங்குக்கு நானூற்றுச் சொச்சம். பத்தொன்பது வருஷம் காத்திருந்தவருக்கு முதலே முழுதாகத் திரும்பவில்லை.

இந்தக் கணக்கை அத்தையே பென்சிலால் போட்டுப் பார்த்தார். "காத்து பொய்க்கலை, கடன்தான் பொய்க்க வச்சிருக்கு" என்றார். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சோலார் சமாசாரமும் கேளுங்கள். நம் மதுரையிலிருந்து தெற்கே சென்றால் ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதி. மழையை நம்பியே இருக்கிற வறண்ட பூமி. அங்கே 2016-ல் அதானி கம்பெனியார் சுமார் 2,500 ஏக்கரில் சோலார் பலகைகளைப் பரப்பினார்கள். 648 மெகாவாட். எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஒரே இடத்தில் அவ்வளவு பெரிய சூரிய மின் நிலையம் அப்போது உலகத்திலேயே இல்லை. பலகையில் படியும் புழுதியைத் துடைக்கக்கூட இயந்திரம்! அங்கே உண்டாகும் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு வாங்கிக்கொள்வதாகத் தமிழ்நாட்டு மின் வாரியத்தோடு 2015-ல் ஒப்பந்தம் ஆகியிருந்தது. 2017 மே மாதம் ராஜஸ்தானத்தில் பட்லா என்ற இடத்துக்கு ஏலம் விட்டார்கள். கேட்ட விலை என்ன? 2 ரூபாய் 44 காசு! அதே வெயில், இரண்டு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு விலை. பலகை மலிந்ததால் வந்த மாற்றம். வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். விற்கிற கம்பெனிகளுக்கோ? அடுத்தவன் இன்னும் மலிவாகக் கேட்டுவிடுவான் என்ற பயத்திலேயே தூக்கம் போய்விடும். ஒரு தொழில் நாட்டுக்கு நல்லதாக இருக்கலாம். அதில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் நமக்கு லாபம் தந்தே தீரும் என்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் கண்ணீர் வருகிறது.

அப்படியானால் டை கட்டிய வாலிபர் சொன்னது சரியா? பாதி சரி.

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் வீட்டு மாடி சோலாருக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 என்று மானியம் வைத்தார்கள். பலகை வைத்து முடித்து மின் வாரியத்தார் பார்த்து இணைப்புக் கொடுத்த பிறகு, மானியம் நேரே நம் பாங்கிக் கணக்குக்கு வரும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் வேண்டும். பகலில் நாம் செலவழித்தது போக மிச்சம் ஈ.பி. கம்பிக்குப் போகும், இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். இரண்டையும் எழுதிக்கொள்ள இரு வழி மீட்டர். மானியமும் விதிகளும் மாறக்கூடியவை. ஆகவே பணம் கட்டும் நாளில் நிலவரம் என்ன, வேறு கட்டணங்கள் உண்டா என்று ஈ.பி. ஆபீஸில் ஒரு நடை போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வாலிபர் சொல்லாமல் விட்ட சில விஷயங்கள் உண்டு.

ஒன்று, நிழல். சிம்மக்கல்லில் வீடுகள் ஒன்றோடொன்று தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கின்றன. அத்தை வீட்டுக்குத் தெற்கே புதிதாக ஒரு நாலு மாடிக் கட்டிடம் எழும்பியிருக்கிறது. பலகையைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைப்பது வழக்கம். தெற்கிலேயே நிழல் என்றால் என்ன செய்வது? இதற்கு ஒரு சுலப வழி செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை மூன்று மணி வரை, மணிக்கொரு தடவை மாடியில் நிழல் விழுகிற ஓரத்தைக் கோலப்பொடியால் கோடு போட்டு வைத்தோம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே போய்விடுவதால் நிழல் இன்னும் நீளும். அதற்கும் கொஞ்சம் இடம் தள்ளிக்கொண்டோம். 400 சதுர அடி மாடியில் நிழல் படாத இடம் 200 சதுர அடிதான் தேறியது. வாலிபர் நாலு கிலோவாட் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். கோலப்பொடி இரண்டு என்று சொல்லிவிட்டது!

இரண்டு, மின்வெட்டு. மாடியில் பலகை இருந்தால் ஊரெல்லாம் இருட்டானாலும் நம் வீட்டில் விளக்கெரியும் என்று நினைக்காதீர்கள். ஈ.பி. கம்பியோடு இணைத்த பலகை, கரண்டு போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற தொழிலாளியின் உயிருக்காக வைத்திருக்கும் ஏற்பாடு அது. விளக்கெரிய வேண்டுமென்றால் பாட்டரி வேறு வாங்க வேண்டும், செலவும் வேறு.

மூன்று, நம் வீட்டு பில். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் செலவு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். குறைவாகச் செலவழிக்கிற வீட்டில் பலகை வைத்தால் போட்ட முதல் திரும்ப வெகு காலம் ஆகும். ஏ.ஸி.யும் கிரைண்டரும் ஓடி, இரண்டு மாதத்துக்கு 500, 600 யூனிட் என்று போகிற வீட்டுக்குத்தான் லாபம் சீக்கிரம் தெரியும். அத்தை வீட்டில் மேலே பெண்ணும் மாப்பிள்ளையும் பேரன்களும் இருப்பதால் 600 யூனிட் ஆகிறது.

நாலாவது, இதுதான் முக்கியம். "பலகைக்கு இருபத்தைந்து வருஷம் உத்தரவாதம்" என்றார் வாலிபர். அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, உங்க கம்பெனிக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆகுதும்மா."

"ரெண்டு வயசுக் குழந்தை, இருபத்தஞ்சு வருஷத்துக்கு எனக்கு வாக்குக் குடுக்குதாக்கும்!"

வாலிபருக்குப் பாவம், முகம் சிவந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. உத்தரவாதத்தில் மூன்று உண்டு. பலகை செய்த கம்பெனி கொடுப்பது ஒன்று. மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வர்ட்டருக்கு வேறு. அது பலகையை விடச் சீக்கிரம் மாற்ற வேண்டியது. மாடியில் கொண்டுவந்து மாட்டுகிறவரின் பொறுப்பு மூன்றாவது. மூன்றும் தனித் தனியே எழுத்தில் இருக்க வேண்டும். மாட்டுகிறவர் சர்க்கார் பட்டியலில் பதிவானவரா என்று பார்க்க வேண்டும். வேலை முடிவதற்குள் மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. வெஸ்டாஸுக்கும் சுஸ்லானுக்கும் வந்த கஷ்டம் ஒரு சின்னக் கம்பெனிக்கு வராது என்று யார் சொல்ல முடியும்? பங்கு வாங்காவிட்டாலும், மாடியில் பலகை வைக்கிற நிமிஷத்திலிருந்து அந்தக் கம்பெனியின் ஆயுளில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

பலகை எங்கிருந்து வருகிறது என்றும் விசாரித்தேன். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் கங்கைகொண்டானில் டாட்டா கம்பெனியார் பெரிய சோலார் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் முதல் மந்திரி திறந்துவைத்தார். அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாடியில் வடாம் பிழிந்த பாட்டியின் பேத்திகள் இப்போது வெயிலைப் பிடிக்கும் கண்ணாடி செய்கிறார்கள்!

சரி, அத்தை என்ன செய்தார்? மூன்று லட்சத்தில் இரண்டு லட்சத்தை மறுபடி பாங்கியிலேயே போட்டுவிட்டார். மருந்துக்கு வட்டி வரவேண்டும் அல்லவா? மிச்சத்தோடு மாப்பிள்ளையும் கொஞ்சம் சேர்த்து இரண்டு கிலோவாட் பலகை வைத்தார்கள். சொன்ன விலை 1,40,000. மானியம் 60,000 போக, கையிலிருந்து 80,000. பில் குறைவதில் ஐந்தாறு வருஷத்தில் முதல் திரும்பிவிடும் என்பது அத்தையின் கணக்கு. டை கட்டிய வாலிபர்தான் மாட்டிக் கொடுத்தார். அத்தை கேட்டபடி எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார். அண்ணன் மகன் மனம் கோணாமல் இருக்க, தீபாவளிப் புடவைக்கென்று வைத்திருந்த ஐயாயிரத்தை மட்டும் அவனிடம் கொடுத்து, "இதை உன் கம்பெனியில போடு. போனா இந்த வருஷம் பழைய புடவை, வந்தா உனக்கும் சேர்த்து வேஷ்டி" என்றார்.

ஒரே ஒரு சண்டை மட்டும் நடந்தது. பலகையைத் தரையோடு தரையாக வைக்க வந்தார்கள். "வடாம் எங்கே காயப் போடுறது?" என்று அத்தை குறுக்கே நின்றுவிட்டார். கடைசியில் ஆள் உயரத்துக்கு இரும்புக் கால் போட்டு உயர்த்தி வைத்தார்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் செலவு. சோலார் கண்ணாடிக்குப் புழுதி ஆகாது என்பதால், பதினைந்து நாளைக்கு ஒரு முறை விடியற்காலையில் ஈரத் துணி கட்டிய நீளக் கழியோடு அத்தை மாடி ஏறுகிறார்.

நேற்று மாலை போயிருந்தேன். நிழல் விழுகிற பக்கத்தில் பேரன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். வெயில் பக்கத்தில் பலகை. அதன் ஓரமாக, கோலப்பொடிக் கோட்டுக்கு அந்தப் புறம், ஒரு பழைய வேஷ்டியில் ஜவ்வரிசி வடாம்.

"ஒரு யூனிட் எட்டு யூனிட்டுனு மீட்டர் என்னவோ எழுதிக்கிட்டுப் போகுது. வடாத்துக்கு மட்டும் மீட்டர் இல்லை" என்று சொல்லி, நாலு வடாம் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் யாராவது வெயிலை விற்க வருவார்கள். விரட்ட வேண்டாம், உட்கார வைத்து மோர் கொடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் வாருங்கள்.